எடை குறைக்கும் வார ஊசி: தோலின் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைட் ஊசி இந்தியக் கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரில் செமாகுளூடைட் வந்தது. வாரத்துக்கு ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ மேற்கையிலோ தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் இந்த இரண்டு மருந்துகளைப் பற்றியும் தமிழில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எத்தனை கிலோ குறைந்தது, குமட்டல் எவ்வளவு காலம் நீடித்தது, மாதச் செலவு எவ்வளவு ஆகிறது என்பவைதான் அவற்றில் பெரும்பாலும் உள்ளன. ஊசி போட்ட இடம் தடிப்பது, உடம்பெங்கும் அரிப்பெடுப்பது, அரிதாக உதடும் கண்ணிமையும் வீங்குவது ஆகியவற்றைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் எங்கும் காணோம். அந்தக் குறையை ஓரளவாவது நிரப்புவதற்காகவே இந்த மதிப்பீட்டைத் தோலை மட்டும் மையமாக வைத்து எழுதுகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் என் அக்கா. சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்து இருந்ததால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் இந்த வகை ஊசி ஒன்றைப் போட்டுவருகிறார். போட்டுவிடுவது நான். அவர் போடுவது எந்தக் கம்பெனியின் மருந்து என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அவருக்கு வந்த தோல் எதிர்வினை இந்த வகையைச் சேர்ந்த எந்த ஊசியிலும் வரக்கூடியது. ஒருவருடைய உடம்பில் நடந்ததை வைத்து ஒரு பெயரின் மீது பழி போடுவது நியாயமாகாது. பெயர் சொல்லி எழுதும் இடங்களிலெல்லாம் மருந்துகளின் அங்கீகார ஆவணங்களில் உள்ளதையே எழுதுகிறேன்.

மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியை நீட்ட வேண்டியதில்லை, செய்கிறது. 2022இல் வெளியான சர்மவுண்ட்-1 ஆய்வில் 2,539 பேர் 72 வாரங்கள் கலந்துகொண்டார்கள். டிர்செபடைட் 5 மி.கி. போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதமும், 15 மி.கி. போட்டவர்களுக்கு 20.9 சதவீதமும் எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 3.1 சதவீதம். இவ்வளவு பலன் தரும் மருந்தைத் தோல் அரிக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு நிறுத்துவதும் இழப்பு, நிறுத்தியே ஆக வேண்டிய அறிகுறியைச் சாதாரண அரிப்பென்று எண்ணி அடுத்த ஊசியைப் போடுவதும் ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்தறியத் தேவையான விவரம் வாங்குபவரின் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதே என் முதன்மையான குறை.

முதலில் எண்ணிக்கை. அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கென விற்கப்படும் டிர்செபடைடின் ஆவணப்படி, ஊசி போட்ட இடத்தில் எதிர்வினை வந்தவர்கள் மருந்தின் அளவைப் பொறுத்து 6 முதல் 8 சதவீதம்; வெற்று ஊசி போட்டவர்களில் இது 2 சதவீதம். உடல் தழுவிய ஒவ்வாமை வகை எதிர்வினைகள் மருந்து போட்டவர்களில் 5 சதவீதம், வெற்று ஊசியில் 3 சதவீதம். செமாகுளூடைட் 2.4 மி.கி. அளவில் ஊசியிட்ட இடத்து எதிர்வினை 1.4 சதவீதம்தான், வெற்று ஊசியிலேயே அது 1 சதவீதம் இருந்தது. இவற்றுக்கு முன்னோடியான, தினமும் போட வேண்டிய லிராகுளூடைடில் 13.9 சதவீதம், வெற்று ஊசியில் 10.5 சதவீதம். தினமும் குத்தினால் தினமும் ஒரு தடம் விழும் என்பதால் கடைசி எண் பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் எது கீழ் என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்றாலும், தோல் எதிர்வினை என்பது அபூர்வமாக யாரோ ஒருவருக்கு வருவதல்ல என்பதும், வருவதில் பெரும்பகுதி ஊசி போட்ட இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதும் இவற்றிலிருந்து தெளிவாகின்றன.

அக்காவுக்கு வந்ததும் அந்த வகைதான். மருந்தின் அளவைக் கூட்டிய பிறகு, ஊசி போட்ட மறுநாள் வயிற்றில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பு எழுந்தது. தொட்டால் சுட்டது, கடுமையாக அரித்தது, நடுவில் சற்றுக் கெட்டியாக இருந்தது. வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் கேட்டதற்கு, “அது ஒண்ணும் பண்ணாதுக்கா, ஊசி போடுற அன்னிக்கு முன்னாடியே ஒரு அவில் போட்டுக்குங்க” என்றார்கள். அக்கறையோடு சொன்ன ஆலோசனைதான், ஆனால் அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வாமையை அடக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் முன்கூட்டியே போட்டுவிட்டால், அடுத்த ஊசிக்கு உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பது மறைந்துபோகும். ஒரே இடத்தில் நின்ற தடிப்பு பரவத் தொடங்குகிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய முதல் விஷயம். அதையே மறைத்துவிடுகிற யோசனை அது. அவில் மாத்திரை தூக்கத்தையும் வரவழைக்கும். மருத்துவர் சொல்லி எடுப்பதானால் செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மயக்கம் குறைந்த மாத்திரைகள் இருக்கின்றன.

தடிப்பின் ஓரத்தை நான் பேனாவால் கோடிட்டுக் குறித்துவைத்தேன், நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் படமும் எடுத்தேன். இதை மருத்துவர்தான் சொல்லிக்கொடுத்தார். கோட்டுக்குள்ளேயே நின்று சில நாளில் வற்றினால் அது ஊசியிட்ட இடத்து எதிர்வினை. கோட்டைத் தாண்டிப் பரவி, வலி கூடி, காய்ச்சலும் வந்தால் தோலுக்கடியில் கிருமித் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அது தனிக் கவலை. அந்தக் கோடும் படங்களும் மருத்துவரின் மேசையில் பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தின.

இந்த இடத்தில் நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருத்துவ விளக்கங்கள் பெரும்பாலும் தோல் சிவந்துபோகும் என்றே எழுதுகின்றன. அக்காவின் வயிற்றில் சிவப்பு எதுவும் தெரியவில்லை. மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சி அப்படித் தெரிவதில்லை. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ, சில வேளை சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுத்தோ மட்டுமே தெரியும். சிவக்கவில்லையே, ஆகவே ஒன்றுமில்லை என்று நம்மில் எத்தனை பேர் விட்டுவிடுவோம்? நம் தோலில் கண்ணைவிடக் கையை நம்புவது நல்லது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும், விரலால் தடவினால் மேடு தெரியும், இரண்டு பக்கமும் ஒப்பிட்டால் வீக்கம் தெரியும். அழற்சி வடிந்த பிறகு அந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் அப்படியே நிற்கவும் கூடும். அது புதிய எதிர்வினை அல்ல, பழையதன் தடம். இந்தியாவில் விற்கும் மருந்தின் விளக்கத்தாளில் இவ்வளவையும் நான்கு வரியில் எழுதிவிடலாம். எங்களுக்கு வந்த பெட்டியில் இருந்த தாளோ பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது.

அடுத்து, மருந்து வரும் இரண்டு வடிவங்கள்: குப்பியும், எழுதும் பேனாவைப் போன்ற ஊசிக்கருவியான பேனாவும். விலையைத் தவிர இவற்றுக்கிடையே வேறுபாடு எதுவும் இல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். மவுன்ஜாரோ முதலில் ஒருமுறைக் குப்பியாக வந்தது; 2.5 மி.கி. குப்பி ரூ.3,500, 5 மி.கி. குப்பி ரூ.4,375 என்று அறிவித்தார்கள். பிறகு 2025 ஆகஸ்டில் நான்கு வாரத்துக்கான மருந்து அடங்கிய க்விக்பென் பேனா ரூ.14,000 முதல் ரூ.27,500 வரையிலான விலைகளில் வந்தது. உள்ளே இருக்கும் டிர்செபடைட் ஒன்றுதான், ஆனால் அதோடு சேர்ந்திருப்பவை ஒன்றல்ல. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குப்பியில் உப்பும் பாஸ்பேட்டும் நீரும்தான் துணைப்பொருள்கள். ஒரு மாதம் திறந்து திறந்து பயன்படுத்தும் பேனாவில் கிருமி வளராமல் தடுக்கப் பென்சைல் ஆல்கஹாலும் பீனாலும், கூடவே கிளிசராலும் சேர்க்கப்படுகின்றன. ஒரு வேளை மருந்தின் கொள்ளளவும் குப்பியில் 0.5 மி.லி., பேனாவில் 0.6 மி.லி. செமாகுளூடைடிலும் இதே கதைதான்: பல வேளைக்குரிய பேனாக்களில் பீனாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் உண்டு, அமெரிக்காவில் விற்கும் ஒருமுறைப் பேனா வெகோவியில் அவை இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், ஊசி போட்டுத் தடித்துவிட்டது என்றவுடன் மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். எதிர்வினைக்குக் காரணம் மருந்தாகவும் இருக்கலாம், பதப்படுத்தும் பொருளாகவும் இருக்கலாம், தோலைத் துடைக்கப் பயன்படுத்திய ஸ்பிரிட்டாகவும் இருக்கலாம், ஊசிக்குப் பின் ஒட்டிய பிளாஸ்திரியின் பசையாகவும் இருக்கலாம். இன்சுலின் பேனாக்களிலும் பீனால் வகைப் பொருள்கள் இருப்பதால், முன்பு இன்சுலினுக்குத் தோல் தடித்தவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். குப்பி ஒத்துக்கொண்டு பேனா ஒத்துக்கொள்ளாதவருக்கு மருந்தையே மாற்றத் தேவையில்லாமல் போகலாம். இந்தத் தேர்வை நம் நாட்டுச் சந்தை நமக்குத் தந்திருக்கிறது. ஆனால் அது தேர்வு என்பதே தெரியாமல், விலையையும் வசதியையும் மட்டும் பார்த்துப் பலரும் பேனாவுக்கு மாறிவிடுகிறார்கள். குப்பியிலும் தொல்லை உண்டு. ஊசிக்குழாயில் மருந்தை உறிஞ்சிக் காற்றுக் குமிழை வெளியேற்றிப் போடுவது பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் எளிதல்ல. அதற்காகவே பேனாவை விரும்புபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

போடும் முறையாலும் தடிப்பு வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்த மருந்தை எடுத்தவுடன் போட்டால் எரியும்; சிறிது நேரம் வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போட வேண்டும். ஸ்பிரிட் காயும் முன் குத்தினால் அது ஊசியோடு உள்ளே போய் எரிச்சலூட்டும். ஊசி தோலுக்கடியில் போகாமல் தோலின் அடுக்குக்குள்ளேயே மருந்தை இறக்கிவிட்டால், கொசு கடித்ததுபோல் உடனே ஒரு மேடு எழும். அது ஒவ்வாமை அல்ல. ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்ற வேண்டும், தொப்புளைச் சுற்றி நான்கு விரல்கடை விட்டுவிட வேண்டும், போட்ட பிறகு தேய்க்கக் கூடாது. புடவை கட்டுபவர்களுக்கு இன்னொன்று: பாவாடை நாடா இறுகும் இடுப்புக் கோடு ஏற்கெனவே உராய்ந்து கறுத்துத் தடித்திருக்கும். அந்த இடத்தில் ஊசி போட்டால் அரிப்புக்கு நாடா காரணமா மருந்து காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவுக்குத் தொடைக்கு மாற்றிய பிறகு தடிப்பு வெகுவாகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது.

இனி, ஊசி போட்ட இடத்தோடு நிற்காத வகை. காணாக்கடி என்று நாம் சொல்லும் தடிப்புகள் உடம்பில் ஓரிடத்தில் எழுந்து, சில மணி நேரத்தில் அங்கே அடங்கி, வேறிடத்தில் எழும். தனித்தனித் தடிப்பு ஒரு நாளுக்கு மேல் அதே இடத்தில் நிற்பதில்லை என்பது அதன் அடையாளம். வேர்க்குருவோ வியர்வை தேங்கும் கழுத்திலும் முதுகிலும் மார்பிலும் பொடிப்பொடியாக வந்து நாள்கணக்கில் நிற்கும். சித்திரை வெயிலில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள், ஊசி போடாத இடங்களிலும் தடிப்போ அரிப்போ வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்றால் காணாக்கடி அடங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதைத் தின்பதால் கெடுதல் இல்லை; அதைத் தின்றுவிட்டோம் என்ற தைரியத்தில் அடுத்த ஊசியைப் போடுவதில்தான் கெடுதல்.

உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குவது, தொண்டை இறுகுவது, மூச்சு இழைப்பது, தலைசுற்றிக் கண் இருட்டுவது ஆகியவை வேறு வகுப்பு. மிக அரிது, ஆனால் இரண்டு மருந்துகளின் ஆவணங்களிலும் இவை பதிவாகியிருக்கின்றன. அப்போது மாத்திரை தேடிக்கொண்டிருக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்து மருந்து தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி; அவிலும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு ஈடாகமாட்டா.

இதில் இந்த மருந்துக்கே உரிய ஒரு சிக்கலை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடுமையான ஒவ்வாமையின் அறிகுறிகளில் வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் உண்டு. இந்த ஊசி போடுபவர்களோ வாந்தியையும் குமட்டலையும் எதிர்பார்த்தே இருக்கிறார்கள். மருத்துவரும் கடைக்காரரும் உறவினரும் அது வழக்கம்தான் என்று சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். எனவே வாந்தி வந்தால் பயப்படாமல் படுத்துவிடுகிறார்கள். வாந்தி தனியாக வந்தால் அது மருந்தின் வழக்கமான பக்கவிளைவாக இருக்கலாம். ஊசி போட்ட சிறிது நேரத்தில், தோல் தடிப்போடு சேர்ந்து வாந்தி வந்தால், அது ஒவ்வாமை முற்றுகிறது என்பதன் அடையாளம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உதட்டு வீக்கத்துக்கு இன்னொரு காரணமும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் சர்க்கரை நோயாளிகள் பலர் எடுக்கும் ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகளே இந்த வீக்கத்தை உண்டாக்கக்கூடியவை, அதுவும் பல மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்துக்கூட. அந்த வகை வீக்கத்தில் பெரும்பாலும் அரிப்போ தடிப்போ இருக்காது. புதிதாகச் சேர்த்தது ஊசி என்பதால் பழி அதன் மேல் விழும். உண்மைக் காரணமான மாத்திரை அப்படியே தொடரும். மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப்போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வாரம் ஒரு முறை என்ற வசதி ஒவ்வாமை வந்தவருக்கு வசதியாக இருப்பதில்லை. டிர்செபடைடின் பாதி அளவு உடம்பிலிருந்து நீங்க ஏறத்தாழ 5 நாள், செமாகுளூடைடுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அப்படியானால் கடைசி ஊசிக்குப் பிறகு மருந்து ஏறத்தாழ முழுதும் வெளியேற டிர்செபடைடுக்கு ஒரு மாதம் அளவும், செமாகுளூடைடுக்கு 5 முதல் 7 வாரமும் ஆகிவிடும். காலையில் போட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரவுக்குள் அதன் வேகம் தணியும், இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. தடிப்பு வந்து அடங்கி மீண்டும் வருவதைக் கண்டு, ஊசியை நிறுத்திய பிறகும் ஏன் இப்படி என்று கலங்குபவர்களுக்கு இது ஆறுதலாகவும் இருக்கும், எச்சரிக்கையாகவும் இருக்கும்.

டிர்செபடைட் ஆய்வுகளில் மருந்து போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் அந்த மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகின. கேட்டால் அச்சமாக இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, மருந்தின் பலனும் குறையவில்லை. எதிர்ப்பொருள் உருவானவர்களிடம் ஊசியிட்ட இடத்து எதிர்வினையும் ஒவ்வாமையும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன என்பதும் உண்மை. முதல் சில ஊசிகளில் ஒன்றும் ஆகாமல், பிறகு ஒரு நாள் திடீரெனத் தடிப்பது ஏன் என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. இத்தனை மாதம் ஒன்றும் செய்யாத மருந்து இப்போது செய்யுமா என்று கேட்பவர்களுக்கு, செய்யும் என்பதே பதில்.

ஒவ்வாமை உறுதியானால் அடுத்து என்ன என்பதில் நம் ஊர்களில் வழிகாட்டுதல் மிகவும் குறைவு. பொதுவாகத் தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வாமை மருத்துவர் இருந்தால், மருந்தையும் பதப்படுத்தும் பொருளையும் தனித்தனியே தோலில் மிகச் சிறு அளவில் இட்டுப் பார்த்து எதற்கு எதிர்வினை என்று கண்டறிய முயல முடியும். மருந்து அவசியம் வேண்டும், வந்தது லேசான எதிர்வினைதான் என்றால், மருத்துவமனைக் கண்காணிப்பில் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உடம்பைப் பழக்கும் முறையும் இருக்கிறது. உதடு வீங்கி மூச்சுத் திணறியவருக்கு அதே மருந்தை மீண்டும் போடவே கூடாது. அவருக்கு இன்னொரு மருந்தைக் கொடுக்கலாமா என்பதும் எளிதான கேள்வி அல்ல. இந்தக் குடும்பத்து மருந்து ஒன்றுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவருக்கு மற்றொன்றைக் கொடுக்கும்போது எச்சரிக்கை தேவை என்றே ஆவணங்கள் சொல்கின்றன. இந்த முடிவுகளில் எதையும் வீட்டில் எடுக்க முடியாது.

முடி உதிர்வையும் தொட்டுவிட்டுச் செல்கிறேன். டிர்செபடைடில் 4 முதல் 5 சதவீதம் பேருக்கும், செமாகுளூடைடில் 3.3 சதவீதம் பேருக்கும் பதிவாகியிருக்கிறது. எடை வேகமாகக் குறையும்போது வருவது இது, ஒவ்வாமை அல்ல. பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். தோலுக்கு நன்மையும் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கழுத்திலும் அக்குளிலும் படியும் கருமை எடை குறையக் குறைய மங்குகிறது. அக்காவின் பின்கழுத்தில் அதை நான் பார்க்கிறேன். அழுக்கு என்று சொல்லித் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய இடம் அது. அங்கே தோல் தெளிவதைப் பார்ப்பது எடை பார்க்கும் எந்திரத்தின் எண்ணைவிட அவருக்கு மகிழ்ச்சி தந்திருக்கிறது.

வாங்கும் இடத்தைப் பற்றி. இது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய மருந்து. ஆனாலும் கைபேசிக் குழுக்களிலும் தெரிந்தவர் வழியாகவும், பெட்டியில்லாத குப்பிகளாகவும், பிரித்துக் கொடுக்கும் ஊசிக்குழாய்களாகவும் கிடைக்கிறது என்று கேள்விப்படுகிறோம். போலி செமாகுளூடைட் பல நாடுகளில் பிடிபட்டதை அடுத்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத திரவத்துக்கு உடம்பு தடித்தால் எந்த மருத்துவராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. சீட்டோடு, ரசீதோடு, குளிர்பெட்டியில் வைத்துத் தரும் கடையில் மட்டுமே வாங்க வேண்டும். நாங்கள் முதலில் போன ஒரு கடையில் மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சாதாரணப் பையில் போட்டு வெயிலில் அனுப்பப் பார்த்தார்கள். ஐஸ் கட்டிப் பை கேட்டதற்கு முகம் சுளித்தார்கள். இவ்வளவு விலையுள்ள மருந்தில் இந்த அலட்சியத்தை ஏற்க முடியாது, கடையை மாற்றிக்கொண்டோம்.

என் மதிப்பீடு இதுதான். மருந்தாக இவற்றுக்கு நான் உயர்ந்த இடம் தருகிறேன். சர்க்கரையும் பருமனும் சேர்ந்து வாட்டும் ஒருவருக்கு, நல்ல மருத்துவர் கூட இருந்தால், லேசான தோல் தடிப்பை நினைத்துத் தயங்க வேண்டாம்; அக்கா இன்றும் தொடர்கிறார். பொருளோடு தரப்படும் விளக்கத்துக்கும் வழிகாட்டுதலுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண்தான் தர முடியும். நம் தோல் நிறத்தில் எதிர்வினை எப்படித் தெரியும் என்பதும், குப்பிக்கும் பேனாவுக்கும் உள்ள வேறுபாடும், தடிப்போடு வரும் வாந்தியின் பொருளும் தமிழில் ஒரு தாளில் அச்சாகும் வரை அந்த மதிப்பெண் உயராது. முன்பு ஏதேனும் ஊசிக்கோ மாத்திரைக்கோ உதடு வீங்கியவர்கள், மூச்சுத் திணறியவர்கள் முதல் ஊசியை வீட்டில் போட்டுக்கொள்ளாமல் மருத்துவமனையில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவது நல்லது.

எதிர்வினை வந்தவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியோ வீட்டாரோ சொல்லலாம். பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான மையங்கள் இருக்கின்றன. மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி, ஊசி போட்ட நாள், எதிர்வினை தொடங்கிய நாள், கூடவே எடுத்துவந்த மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். தொகுதி எண் பெட்டியின் மேல்தான் தெளிவாக இருக்கும் என்பதால், மருந்து தீரும் வரை பெட்டியை எறியாமல் வைத்திருங்கள்.